மாட்டுவண்டியில் வந்த கேமரா

பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் குரூப் போட்டோவில்தான் வந்து நிற்கும். நம்ம ஊருக்கே அப்படியொரு பழைய ஆல்பம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டைக் காட்சிகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு 1858-ல் சென்னையில் அது வெளியானது. எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்.

இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். லீவில் ஊருக்குப் போனபோது போட்டோக் கலை அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் தூதுக்குழுவோடு பர்மா போய் இருநூறுக்கு மேல் நெகட்டிவ்கள் கொண்டுவந்தார். 1856-ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் வேலை கிடைத்தது.

1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் ஓயாத நேரம். இந்தப் பக்கம் ரயிலும் கிடையாது. ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலு மாதத்துக்கு மேல் சுற்றினார். மற்ற ஊர்களெல்லாம் கம்பெனி ஆட்சியில் இருந்தன. புதுக்கோட்டை மட்டும் ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட சமஸ்தானம். இன்று கலெக்டர் ஆபீஸ் இயங்கும் அரண்மனையெல்லாம் பிறகு வந்ததுதான்.

அவர் எப்படிப் படமெடுத்தார் என்பதைப் பயணமே தீர்மானித்தது. கண்ணாடி நெகட்டிவ் என்றால் ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது லேசான காரியமா? அதனால் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதத்தையே நம்பினார். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், வண்டியில் உடையாது. வெளுத்துப்போன வானத்தில் மேகம் வேண்டுமென்றால் நெகட்டிவின் மேல் தூரிகையால் தீட்டிவிடுவார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார்.

பயணம் நின்றதும் கலையும் நின்றுபோனது. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று திட்டத்தை மூடச் சொல்லிவிட்டார். ட்ரைப் மறுபடி பட்டாளத்து வேலைக்கே போனார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் சொற்பம். 1902-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மியூசியங்களில் அவர் படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள்.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. அவர் படங்களில் ஆட்களைக் காண்பது அரிது. லென்ஸை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டிய காலம். நடமாடுகிற மனுஷன் அதில் விழ மாட்டான். அரசு கேட்டதும் கட்டடங்களைத்தான். கல் நின்றது, விழுந்தது. வண்டி ஓட்டியவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர், வேடிக்கை பார்த்த பிள்ளைகள் — நம் முன்னோர் ஒருத்தரும் விழவில்லை. ஊர் இருக்கிறது, ஊர்ஜனம் இல்லை.

இன்றைக்குப் படிக்கிற தம்பி தங்கைகளிடம் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கிற போனுக்கு மெழுகும் வேண்டாம், மாட்டுவண்டியும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் போங்கள். கோட்டைப்பட்டினம் கடற்கரைக்கும் போங்கள். கல்லை எடுங்கள், கூடவே அங்கே கடை போட்டிருக்கிற ஆத்தாவையும் வலை உலர்த்துகிறவரையும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயர், ஊர், தேதியைப் பின்னால் எழுதி நம் கல்லூரி நூலகத்தில் கொடுத்து வையுங்கள். ட்ரைப்பின் ஆல்பத்தில் விட்டுப்போன பக்கங்கள் அவைதான்.