லினக்ஸ் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதி

ஸ்டேஜிங் என்பது லினக்ஸ் கெர்னலின் மூலநிரலுக்குள், முழுத் தரத்தை இன்னும் எட்டாத டிரைவர்களுக்கும் கோப்பு முறைமைகளுக்கும் ஒதுக்கப்பட்ட தனி அடைவு. கிரெக் க்ரோ-ஹார்ட்மன் 2008இல் இதைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான 2.6.28 பதிப்பில் இது கெர்னலோடு சேர்ந்தது.

அதுவரை அரைகுறை டிரைவர்கள் எழுதியவர்களின் தளங்களில் சிதறிக் கிடந்தன. கெர்னலின் உள் இடைமுகங்கள் அடிக்கடி மாறுவதால், வெளியே இருந்த நிரல் ஒவ்வொரு பதிப்பிலும் உடைந்தது. எழுதியவர் தனியாகவே அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கெர்னலுக்குள் இருக்கும் நிரலையோ, இடைமுகத்தை மாற்றுபவரே கையோடு திருத்திவிடுவது வழக்கம். ஸ்டேஜிங் அந்த வசதியை முதிராத நிரலுக்கும் தந்தது.

நுழைவு விதிகள் எளியவை. உரிமம் பொருந்த வேண்டும், நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும். மீதமுள்ள வேலைகளைப் பட்டியலிடும் 'டுடூ' கோப்பு ஒன்றும் உடன் இருக்க வேண்டும். இந்த டிரைவர்களில் ஒன்றை ஏற்றினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொண்டு, பிழையறிக்கையில் 'சி' என்ற எழுத்தைக் காட்டும். பிழையை ஆராய்பவர் சோதனை நிரல் ஓடுவதை அதிலிருந்தே அறிவார்.

இந்த ஏற்பாட்டின் வலிமை வெளியேற்றத்தில்தான் இருக்கிறது. முதிர்ந்த நிரல் உரிய பகுதிக்குப் போகும்; கவனிப்பாரற்றது நீக்கப்படும். ஈரோஎஃப்எஸ் கோப்பு முறைமை 2018இல் நுழைந்து, 2019இல் 5.4 பதிப்பில் தேறி வெளியேறியது. ஆண்ட்ராய்டின் கதை நீண்டது. 2009இல் நுழைந்த அதன் நிரல், பராமரிக்க ஆளின்றி 2010இல் 2.6.33 பதிப்பில் நீக்கப்பட்டது. 2012இல் 3.3 பதிப்பில் திரும்பி வந்தது. அதன் முக்கியப் பகுதியான பைண்டர் 2015இல் நிரந்தர இடம் பெற்றது. பெருங்கணினிகளுக்கான லஸ்டர் கோப்பு முறைமை 2013இல் வந்து, தேறாமலே 2018இல் 4.18 பதிப்பில் அகற்றப்பட்டது. உண்மையான மேம்பாடு வெளியே வேறொரு பிரதியில் நடந்துகொண்டிருக்க, கெர்னலுக்குள் இருந்த பிரதிக்குப் பெரும்பாலும் துப்புரவு வேலைதான் கிடைத்தது. ஐந்தாண்டு பொறுத்த பின் எடுத்த அந்த முடிவு சரியானதே.

ஸ்டேஜிங்கையும் லினக்ஸ்-நெக்ஸ்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டீபன் ராத்வெல் 2008 பிப்ரவரியில் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்ட், அடுத்த பதிப்புக்கு ஏறக்குறைய ஆயத்தமான கிளைகளை ஒன்றுசேர்த்து, அவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் இடம். அங்கே கண்டறியப்படும் மோதல்கள், லினஸ் டோர்வால்ட்ஸ் புதிய நிரலை ஏற்கும் இரு வாரக் காலத்துக்கு முன்பே தீர்க்கப்படுகின்றன.

ஸ்டேஜிங்கால் அதிகம் பயன்பெற்றவர்கள் புதியவர்கள். நிரலின் நடையைச் சீர்செய்வது, பயன்படாத வரிகளை நீக்குவது போன்ற சிறு வேலைகள் அங்கே எப்போதும் உண்டு. அவுட்ரீச்சி பயிற்சியில் கெர்னல் பணிக்கு வந்த பலர் முதல் பேட்சை இங்கேதான் அனுப்பினார்கள். கெர்னலுக்குப் பங்களிக்க விரும்பும் தமிழ் மாணவர்களும் ஏதேனும் ஒரு டுடூ கோப்பைத் திறந்து தொடங்கலாம்.