நட்சத்திரங்கள் விழுந்த வகுப்பு

கல்லூரி முடிச்சு இருபத்தஞ்சு, முப்பது வருசம் ஆன எந்த பேட்ச்சோட வாட்ஸப் குரூப்பை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. யாரு டீன் ஆனாங்க, யாரு வெளிநாட்டுல செட்டில் ஆனாங்க, யாரு போய்ச் சேர்ந்துட்டாங்க. இடையில ஒருத்தர் கேட்பார்: "ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தவன் இப்ப எங்கப்பா இருக்கான்?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பேட்ச் ஞாபகம் வரும். மருத்துவக் கல்லூரி இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி, 1915ஆம் ஆண்டு முடித்தவர்கள்.

தேறியவர்கள் 164 பேர். அதில் 59 பேர் பின்னாளில் ஜெனரல் ஆனார்கள். ரெண்டு பேருக்கு ஐந்து நட்சத்திரம், ரெண்டு பேருக்கு நான்கு. அதனாலதான் "நட்சத்திரங்கள் விழுந்த வகுப்பு"ன்னு அதுக்குப் பேரு.

ஐந்து நட்சத்திரக்காரர்கள் ஐசன்ஹோவரும் பிராட்லியும். தேறும்போது ஐசன்ஹோவர் 61ஆவது, பிராட்லி 44ஆவது. நான்கு நட்சத்திரம் வாங்கிய வேன் ஃப்ளீட் 92ஆவது. முதல் ரேங்க் கோவல் என்பவர். அவரும் சும்மா இல்லைங்க, மேஜர் ஜெனரல் ஆனார். இரண்டாம் உலகப்போரில் சீனா-பர்மா-இந்தியா களத்துக்குத் தளவாடம் சேர்க்கும் பெரிய பொறுப்பு அவருடையது. ஆனா இன்னைக்கு அவர் பேர் யாருக்குத் தெரியும்?

இதில் ஒரு டாக்டர் கதையும் இருக்கு. 1912இல் கால்பந்து ஆட்டத்தில் ஐசன்ஹோவருக்கு முழங்கால் போச்சு. அது ஆறுவதற்குள் குதிரைப் பயிற்சியில் ஏறி இறங்கி இன்னும் மோசமாக்கிக் கொண்டார். எம்ஆர்ஐ, ஆர்த்ராஸ்கோப்பி எதுவும் இல்லாத காலம். மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைப்பதுதான் வைத்தியம்.

படிப்பு முடியும் நேரம் கல்லூரியின் தலைமை மருத்துவர் கர்னல் ஷா கூப்பிட்டு, "இந்தக் காலோட உனக்கு அதிகாரி பதவி கொடுக்கப் பரிந்துரைக்க முடியாமப் போகலாம்" என்கிறார். பையன் அலட்டிக்கவே இல்லை. அர்ஜென்டினா போயிடலாம்னு அந்த நாட்டைப் பற்றிய பிரசுரங்களை வரவழைத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டார்! சில நாள் கழித்து ஷா மனசு மாறி, "குதிரைப்படை மட்டும் கேட்காதே, நான் எழுதித் தர்றேன்" என்றார். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவ நண்பர்களே, அந்தப் பேனாவை யோசிச்சுப் பிடிங்க.

அப்புறம் என்ன, நேரா மேலே போனாரா? இல்லை. முதல் உலகப்போரில் ஐசன்ஹோவரும் சரி, பிராட்லியும் சரி, போர்முனையையே பார்க்கவில்லை. பிராட்லி மொன்டானாவில் செப்புச் சுரங்கங்களுக்குக் காவல் இருந்தார். ஐசன்ஹோவர் 1920 முதல் 1936 வரை பதினாறு வருசம் மேஜர் பதவியிலேயே கிடந்தார். 1935இல் இந்த பேட்ச் இருபதாம் ஆண்டு கணக்குப் பார்த்திருந்தா, "பாவம்ப்பா, தேங்கிப்போன செட்டு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

1939இல் அமெரிக்க ராணுவத்தின் பலம் சுமார் 1.9 லட்சம் பேர். 1945இல் 80 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரை நடத்த ஜெனரல்கள் வேணும். ஐம்பது வயசும் கால் நூற்றாண்டு அனுபவமுமாக, சரியான இடத்தில் நின்றது 1915 பேட்ச். திறமை இல்லைன்னு நான் சொல்லல. ஆனா பத்து வருசம் முன்னாடி படிச்சு முடிச்சவங்களில் பலருக்கு அப்ப வயசாகிப் போச்சு. பத்து வருசம் பின்னாடி முடிச்சவங்களில் பலருக்கு வயசு பத்தல.

1944 ஏப்ரல். நார்மண்டி படையெடுப்பு நாள் பரம ரகசியம். லண்டன் கிளாரிட்ஜஸ் ஹோட்டல் விருந்தில் விமானப்படை மேஜர் ஜெனரல் ஹென்றி மில்லர், ஜூன் 15க்குள் படையெடுப்பு நடந்துவிடும்னு எல்லார் காதிலும் விழ உளறிட்டார். மில்லர் யாரு? அதே 1915 பேட்ச். விசயம் பிராட்லி காதுக்குப் போக, அவர் உடனே ஐசன்ஹோவரிடம் சொன்னார். அவரும் கூடப் படிச்சவர்தான்!

பதவியோடு ஊர் திரும்ப விடச் சொல்லி மில்லர் கடிதம் எழுதிக் கேட்டார். ஐசன்ஹோவர் மறுத்துவிட்டார். லெப்டினன்ட் கர்னலாக இறக்கி, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கடற்கரையில் இறங்கப் போகும் பையன்களின் உயிர் ஒரு பக்கம், முப்பது வருச நட்பு ஒரு பக்கம். வேற என்ன முடிவு எடுக்க முடியும், சொல்லுங்க?

ஜூன் 6 வந்தது. ஐசன்ஹோவர் மொத்த நேசப்படைக்கும் தலைமைத் தளபதி. பிராட்லி அமெரிக்க முதல் ராணுவத்தின் தளபதி. வேன் ஃப்ளீட்? யூட்டா கடற்கரையில் ஒரு ரெஜிமென்ட்டோடு இறங்கினார். 52 வயசில் இன்னும் கர்னல்! ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல், இதே மாதிரிப் பேருள்ள ஒரு குடிகார அதிகாரின்னு இவரை நினைத்து, பதவி உயர்வுப் பட்டியலில் பேர் வரும்போதெல்லாம் அடித்துவிட்டார் என்பதுதான் சொல்லப்படும் காரணம். குழப்பம் தீர்ந்ததும் வண்டி வேகம் எடுத்தது. ஒரே வருசத்துக்குள் ஒரு கோர் முழுக்க அவர் கையில்.

1952இல் மூவரும் மறுபடி ஒரே கதையில். கொரியப் போர். பிராட்லி வாஷிங்டனில் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர். வேன் ஃப்ளீட் கொரியாவில் எட்டாம் ராணுவத்தின் தளபதி. அந்த ஏப்ரலில், குண்டுவீச்சு விமானியாக இருந்த அவருடைய ஒரே மகன் ஒரு இரவுப் பயணத்தில் காணாமல் போனார். தேடிப் பார்த்தார்கள். தேடப் போகிறவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்ததும், தேடுதலை நிறுத்தச் சொன்னதும் வேன் ஃப்ளீட்தான்.

டிசம்பரில், அதிபர் தேர்தலில் ஜெயித்த கையோடு ஐசன்ஹோவர் கொரியா வந்தார். அவருடைய மகன் ஜானும் அப்போது அங்கே மேஜராகப் பணியில் இருந்தார். வரவேற்க நின்றவர் 92ஆம் ரேங்க் நண்பர்.

வேன் ஃப்ளீட் 1992இல், நூறு வயசு நிறைந்த பிறகு இறந்தார். மகனின் உடல் கிடைக்கவே இல்லை.