மலையேற்ற நீர் வடிகட்டி

ஓடை, சுனை, ஏரி, பனியுருகல் ஆகியவற்றின் நீரை நின்ற இடத்திலேயே குடிக்கத் தக்கதாக்க, மலையேறுவோர் முதுகுப்பையில் எடுத்துச் செல்லும் சிறு கருவி. மின்சாரம் தேவையில்லை. கையின் அழுத்தமோ, வாயால் உறிஞ்சுவதோ, உயரத்தில் தொங்கும் நீரின் எடையோ இதை இயக்கும். எடை சுமார் 60 கிராமிலிருந்து அரைக் கிலோ வரை. கருவியின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் துளை அளவு. அது மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், குறிக்கப்படும். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளை கொண்டவை. இவை பாக்டீரியாவையும் ஓரணு ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. உறையின் முகப்பில் பெரிதாக அச்சாகும் 99.9999 விழுக்காடு என்ற எண் பாக்டீரியாவுக்கு மட்டுமே உரியது. வாங்குபவர் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு

துணியால் நீரை வடிகட்டுவது இந்தியாவில் மிகப் பழைய வழக்கம். நீரில் வாழும் சிற்றுயிர்கள் சாகக் கூடாது என்பதற்காகச் சமணர்கள் வடிகட்டிக் குடித்தார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் முறையைக் கலித்தொகைக் காலத்துத் தமிழர் அறிந்திருந்தனர். கொட்டையிலிருந்து கரையும் பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். எடை கூடிய துகள்கள் அடியில் படியும். ஆனால் மேலே நிற்கும் தெளிந்த நீரில் கிருமிகள் எஞ்சியிருக்கும்.

துணி வடிகட்டலை எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதைப் பிற்காலத்து ஆய்வு ஒன்று காட்டியது. வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. காலராக் கிருமி துணியின் இழையிடைவெளியை விட மிகச் சிறியது. ஆனால் அது நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வது. அவை துணியில் சிக்கும்போது கிருமியும் சிக்குகிறது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழஞ்சேலைதான் இதற்கு ஏற்றது. நூற்பிசிறுகள் இடைவெளியை அடைத்துவிடுவதால் புதுச் சேலையை விட அது நன்றாக வடிகட்டும்.

இன்றைய கருவியின் நேரடி முன்னோடிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தன. ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவின் குளத்து நீர் ஒன்றில் காலராக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டில் பாரிஸில், லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் சாம்பர்லான், மெருகு பூசாத பீங்கானால் ஒரு முனை மூடிய குழல் வடிகட்டி ஒன்றைச் செய்தார். ஆய்வுக்கூடத்துக்குக் கிருமியற்ற திரவம் தேவைப்பட்டதே காரணம். வெளியிலிருந்து அழுத்தத்தோடு புகும் நீர் பீங்கான் சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து உள்ளே சேரும். பாக்டீரியா சுவரில் நின்றுவிடும். அடைபட்டால் தேய்த்துக் கழுவி, நெருப்பில் சுட்டு எடுத்தால் மீண்டும் பயன்படும். இந்தக் குழலே பின்னர் வீட்டுக் குழாய்களிலும் பொருத்தப்பட்டது.

பீங்கானில் நீர் மெதுவாகக் கசிந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட். ஹானோவர் பகுதியில் அவருக்கு மண்சுரங்கம் இருந்தது. அங்கே கிடைத்தது பழங்கால நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்த இலேசான வெண்மண். ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டில் வெடிமருந்தை ஊறவைக்கப் பயன்படுத்தியதும் இவ்வகை மண்ணைத்தான். அதைக் குழலாக வார்த்துச் சுட்டு 1891இல் பெர்க்கஃபெல்ட் வெளியிட்ட வடிகட்டியில் நீர் பல மடங்கு வேகமாக இறங்கியது.

அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி, சில வாரங்களில் 8,600 பேர் இறந்தனர். ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டிருந்தது. ஒட்டியிருந்த அல்டோனா நகரம் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றிலிருந்து நீர் எடுத்தது. ஆனால் மணற்படுகையில் மெதுவாக வடிகட்டி வழங்கியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, மறுபக்கத்தில் இல்லை. ஆய்வுக்கு வந்த காக் இதைப் பதிவு செய்தார். அசுத்த நீரே காலராவுக்குக் காரணம் என்பதை ஏற்காதவர்களின் வாதம் அதோடு வலுவிழந்தது. ஹாம்பர்க்கில் பெர்க்கஃபெல்ட் குழல்கள் பயன்படுத்தப்பட்டன. அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. நம் வீடுகளில் இருந்த எவர்சில்வர் ஃபில்டரின் மேலடுக்கில் வெள்ளையாக நின்ற ‘கேண்டில்’ அந்தக் குழலின் வழித்தோன்றல்.

பீங்கான் குழலின் எல்லையும் அதே 1892இல் வெளிப்பட்டது. புகையிலை இலையைத் தேமலாக்கும் நோயை ஆராய்ந்த ரஷ்யரான திமித்ரி இவானொவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைச் சாம்பர்லான் குழலில் வடித்த பிறகும் அது நோயைத் தொற்றவைப்பதைக் கண்டார். அவர் நஞ்சு என்றோ மிகச் சிறிய பாக்டீரியா என்றோ கருதினார். 1898இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயரிங்க், இது பாக்டீரியாவே அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் வேறொன்று என்று சொன்னார். வைரஸ் ஆய்வின் தொடக்கத்தைப் பெயரிங்க் பெயரில் குறிப்பதே பொருந்தும். வைரஸ் என்ற வகையே, வடிகட்டியில் நிற்காதது எதுவோ அது என்ற முறையில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது.

1920களின் இறுதியில் ஜெர்மானியரான கியோர்க் கிரௌஸே வெள்ளியின் கிருமிகொல்லும் தன்மையை நீர்ச் சுத்திகரிப்பில் பயன்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்த சுவிட்சர்லாந்தின் காட்டாடின் நிறுவனம், வெள்ளி கலந்த பீங்கான் குழலும் கைப்பம்பும் கொண்ட பயணக் கருவிகளால் பெயர் பெற்றது. எடை அரைக் கிலோவுக்கு மேல் என்றாலும் இக்கருவிகள் உழைத்தன. தேயத் தேய, குழலின் பருமனை உடன் வரும் அளவுகோலால் அளந்து, மாற்றும் நேரத்தைக் கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். பின்வந்த எந்த வகைக்கும் இவ்வளவு வெளிப்படையான அடையாளம் அமையவில்லை.

இன்று பரவலாக உள்ள குழலிழை வகையின் வேர் 1960களில் இருக்கிறது. அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ஹென்றி மாஹன், நடுவே துளையுள்ள மயிரிழை போன்ற செயற்கை இழைகளைப் பிரிப்புப் படலமாக்கும் முறையை உருவாக்கினார். அது செயற்கைச் சிறுநீரகத்துக்கும் சென்றது. நூற்றுக்கணக்கான இழைகளை U வடிவில் வளைத்து ஒரு உருளைக்குள் அடைத்தால், கைப்பிடி அளவுக்குள் பெரும் பரப்பு கிடைக்கிறது. அதனால்தான் கையால் பிதுக்கினாலே நீர் வேகமாக வருகிறது. வாயால் உறிஞ்சும் வகை வேறு வழியில் வந்தது. ஆப்பிரிக்காவில் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கும் பணியில், நோயைச் சுமக்கும் நீர்ப்பூச்சியைத் தடுக்க, வலை பொருத்திய உறிஞ்சு குழல்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் முன்பு இருந்த இந்நோயிலிருந்து இந்தியா விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2000இல் சான்றளித்தது. அந்த உறிஞ்சு குழலிலிருந்து 2005இல் வந்ததுதான் லைஃப்ஸ்ட்ரா என்ற உறிஞ்சு வடிகட்டி.

தேர்வு

எதைத் தடுக்க வேண்டும் என்பதிலிருந்து தேர்வு தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா ஒட்டுண்ணியின் உறையிட்ட வடிவம் 8 முதல் 12 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றோர் ஒட்டுண்ணி 4 முதல் 6. டைஃபாய்டு, காலரா, ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்கள் அரை மைக்ரான் பருமன். இவை எல்லாம் 0.2 மைக்ரானில் நின்றுவிடும். எலிக்காய்ச்சல் கிருமி மட்டும் விலக்கு: நீளமாக இருந்தாலும் அதன் பருமன் 0.1 மைக்ரான்தான், திருகுபோலச் சுழன்று 0.2 மைக்ரான் துளையிலும் நுழைந்துவிடும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்போருக்கு இது முக்கியம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்கள் 0.03 மைக்ரான் அளவில் உள்ளவை. சாதாரண வடிகட்டி எதிலும் நிற்காது. 1955-56இல் டெல்லியில் யமுனையில் கலந்த சாக்கடை குடிநீர் நிலையத்துக்குள் புகுந்து ஏறத்தாழ 29,000 பேரைக் காமாலையில் தள்ளியது இந்த இ வகைதான்.

மலை நீரை வடிகட்டவே வேண்டுமா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா என்ற விவாதம் வட அமெரிக்க மலையேறிகளிடையே உண்டு. மனிதர் காலடி படாத பள்ளத்தாக்குகளுக்கு அது பொருந்தலாம். இமயத்தின் புல்வெளிகளில் கோடை முழுவதும் ஆட்டுமந்தைகள் மேய்கின்றன. அதற்குக் கீழே ஊர்கள். வெள்ளியங்கிரியின் ஆண்டி சுனையில் பக்தர்கள் குளிக்கிறார்கள். மேலே மனிதர் புழங்கும் எந்த நீரிலும் வைரஸ் இருக்கும் என்று கொண்டே திட்டமிட வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள். 0.02 மைக்ரான் துளையுள்ள எம்எஸ்ஆர் கார்டியன் போன்ற கருவியை வாங்கலாம். அரைக் கிலோ எடை, விலையும் அதிகம். அல்லது 0.1 மைக்ரான் குழலிழை வடிகட்டியோடு குளோரின் மாத்திரையைச் சேர்க்கலாம். இந்த இணை மிகச் சிறந்தது. குளோரின் வைரஸை எளிதில் அழிக்கும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியத்திடம் தோற்றுவிடும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், குளோரின் கலந்த குழாய் நீரைக் குடித்தே ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அதனால் நோயுற்றனர். வடிகட்டி அதைத் தடுத்துவிடும், ஆனால் வைரஸை விட்டுவிடும். ஒன்று விடுவதை மற்றது பிடிக்கிறது. முதலில் வடிகட்ட வேண்டும், பிறகு மாத்திரை; கலங்கல் நீரில் போட்ட குளோரின் கலங்கலிலேயே செலவாகிவிடும். மாத்திரை உறையில் சொன்ன நேரம், பெரும்பாலும் அரை மணி, காத்திருக்க வேண்டும். நீர் சில்லென்றிருந்தால் இன்னும் கூடுதலாக.

தனியாகச் செல்பவருக்குப் பிதுக்கும் பை வகை போதும்; சாயர், காட்டாடின் பீஃப்ரீ ஆகியவை இவ்வகை. நான்கைந்து பேர் என்றால் மரக்கிளையில் தொங்கவிடும் பை வகை, சமைக்கும் நேரத்துக்குள் எல்லோருக்கும் நீரை இறக்கித் தரும். வாயால் உறிஞ்சும் வகை எடை குறைவு, ஆனால் ஓடைக்கரையில் குனிந்து குடிக்கலாமே தவிர சமையலுக்கு நீர் சேர்க்க முடியாது. கடைப் பாட்டில்கள் எல்லாவற்றின் கழுத்தும் வடிகட்டியின் திருகுமரையில் பொருந்துவதில்லை. வாங்கும்போதே திருகிப் பார்க்க வேண்டும். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். அதை எந்தக் குழலிழையும் தடுக்காது, கரித்தூள் அடுக்கு ஓரளவே பிடிக்கும். அங்கே நீர் எடுக்காமல் தோட்டத்துக்கு மேலே போய் எடுப்பதே வழி.

கொதிக்கவைப்பது வைரஸ் உட்பட எல்லாக் கிருமியையும் கொல்லும். ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். 5,000 மீட்டரில் நீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிட்டாலும் கிருமி சாக அது போதுமானது. தட்டுப்பாடாவது எரிபொருள்தான்.

பயன்படுத்தும் முறை

பனிப்பாறை உருகி வரும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். அதில் உள்ள பாறைமாவு இழைகளை ஒரே நாளில் அடைத்துவிடும். இரவில் பாத்திரத்தில் வைத்துவிட்டு, காலையில் மேல்நீரை மடித்த வேட்டித் துணி வழியே பைக்கு மாற்ற வேண்டும். அழுக்குப் பையும் சுத்தப் பாட்டிலும் ஒருபோதும் மாறக் கூடாது. அழுக்குப் பையில் அடையாளமாக நூல் கட்டிவைப்பது நல்லது. பலர் தவறவிடும் இடம் திருகுமரை. பையை ஓடையில் அமுக்கி நிரப்பும்போது அதன் கழுத்தில் ஓடைநீர் ஒட்டியிருக்கும். துடைக்காமல் வடிகட்டியைத் திருகிப் பாட்டிலின் மேல் கவிழ்த்தால், அந்த ஓரிரு சொட்டு வெளிப்புறமாக வழிந்து வடித்த நீரில் விழும். இவ்வளவு செலவும் சிரமமும் அந்தச் சொட்டில் வீணாகிவிடும். முதலில் உதறித் துடைக்க வேண்டும், பிறகு திருக வேண்டும்.

நீர்வரத்து குறைந்தால், உடன் வரும் சிரிஞ்சில் வடித்த நீரை எடுத்து வெளிவாயிலிருந்து உள்நோக்கி வேகமாகச் செலுத்த வேண்டும். முதல் அழுத்தத்தில் செம்மண் நிறத்தில் கலங்கல் வரும். தெளிந்து வரும்வரை தொடர வேண்டும். இதை முகாமில் தினமும் செய்தால் அடைப்பு எளிதில் ஏறாது. சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தால் வினிகரில் ஊறவைக்கலாம். ஊர் திரும்பியதும் கழுவி முழுதாகக் காயவைத்த பிறகே மூட வேண்டும்.

குழலிழையின் பெரிய எதிரி உறைபனி. இழைக்குள் நிற்கும் நீர் உறைந்து விரிந்தால் இழை கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது, நீர் முன்பை விடத் தாராளமாகவே வரும். உறைபனி இரவுகளில் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால், நனைந்திருக்கும் வடிகட்டியின் அழுக்குப் பக்கத்திலிருந்து ஊதலாம்: நல்ல இழையின் நனைந்த துளைகள் காற்றை விடாது. சுத்தப் பக்கத்தில் குமிழ் வந்தால் அது இனி பயன்படாது. இந்தச் சோதனையை ஏற்கும் வகைகளும் ஏற்காத வகைகளும் உண்டு என்பதால் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

புற ஊதா விளக்கு, அழுத்திப் பிழியும் பாட்டில் ஆகிய மாற்றுக் கருவிகளும் விற்பனையில் உள்ளன. பாட்டில் நீரை நம்ப முடியாத மலைப்பகுதிகள் உண்டு: சிக்கிமில் 2022 ஜனவரி முதல் பாட்டில் குடிநீருக்குத் தடை உள்ளது. நீலகிரியிலும் சிறு பாட்டில்களுக்குத் தடை உண்டு. மலையேறும் வாய்ப்பும் கூடியுள்ளது: தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. கருவியின் ஒரு குறை மட்டும் அப்படியே உள்ளது: குழலிழை உருளையைப் பிரித்துச் செப்பனிட முடியாது. கிழிந்தால் முழுதாக மாற்ற வேண்டும்.