மூன்று வருஷக் கணக்கு

சிதம்பரத்துக்காரர்களுக்கு அண்ணாமலை செட்டியார் என்றால் 1929இல் அவர் நிறுவிய பல்கலைக்கழகம்தான் முதலில் நினைவுக்கு வரும். அவருடைய அண்ணன் ராமசாமி செட்டியார், 1907இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் வங்கியின் முதல் இயக்குநர்களில் ஒருவர். வங்கி புதிது, அந்தக் குடும்பத்துக்கு வட்டித் தொழில் பழையது.

அவர்களுடைய நகரத்தார் சமூகத்தின் வட்டிக்கடைகளில் பெண்களின் பணம் நிறையப் புழங்கியது. மகளுக்குக் கொடுத்த சீதனத்தை அவள் பேரில் வரவு வைத்து வட்டி ஏற்றுவார்கள். 'ஆச்சிமார் பணம்' என்றே அதற்குப் பெயர். ஆனால் கடைக்குள் இருந்த வரிசை பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஆண்களுக்கே உரியது. பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறி, மூன்று வருஷக் கணக்கை முடித்துத் திரும்புகிறவருக்குத்தான் அடுத்த படி. அத்தனை காலமும் வீட்டையும் பிள்ளைகளையும் வரவுசெலவையும் ஆச்சி பார்த்துக்கொண்டதால்தான் அவரால் நிம்மதியாகக் கப்பலேற முடிந்தது.

1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளில் இந்தியன் வங்கியும் ஒன்று. கிளைகள் பெருகின. தேர்வெழுதிப் பெண்கள் கவுண்டருக்கு வந்தார்கள். உயர்வுக்கான விதி மட்டும் கப்பல் காலத்து விதியாகவே நீடித்தது: ஊரை விட்டுப் போகிறவருக்கே பதவி.

2000இல் ரஞ்சனா குமார் இந்தியன் வங்கியின் தலைவரானார். பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். நஷ்டத்தில் மூழ்கிக் கிடந்த வங்கி அவர் காலத்திலேயே லாபத்துக்குத் திரும்பியது. அதே நாற்காலிக்கு 2018இல் பத்மஜா சுந்துரு வந்தார்.

கீழே இருக்கும் படிகளில்தான் சிக்கல்; அங்கே உயர்வென்றால் இடமாற்றம். கணவர் வேலை பார்க்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ பெண்களுக்கு இடம் தரும்படி 2014இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் பெண்களுக்கான தடைகள் முழுதாக விலகவில்லை: 2022 ஜனவரியில், மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்றிருப்பவர் வேலையில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்றது பாரத ஸ்டேட் வங்கியின் விதி. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் அதை நிறுத்திவைத்தார்கள்.

சிதம்பரத்தில் கிளார்க்காக இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆபீசர் தேர்வுக்கு விண்ணப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வருகிறது. தேறினால் போஸ்டிங் எந்த மாநிலத்திலும் விழலாம். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை, படுக்கையில் மாமியார். கடைசித் தேதி வரை யோசித்துவிட்டு, விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார். அலுவலகப் பதிவில் அது அவருடைய சொந்த விருப்பம்.