பின்னலாடைத் தீர்வை வகைப்பாடு

பனியன், டி-சர்ட், ஸ்வெட்டர், காலுறை முதலிய பின்னல் உடைகள் இறக்குமதியாகும்போது, அவற்றை எந்த எண்ணின் கீழ் வைத்துச் சுங்கத் தீர்வை விதிப்பது என்று வரையறுக்கும் முறை. பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) என்ற சரக்கு வகைப்பாட்டுப் பட்டியலில் இவை 61ஆம் அத்தியாயத்திலும், நெய்த துணியில் தைத்தவை 62ஆம் அத்தியாயத்திலும் உள்ளன. உடுத்துபவர் யார், எதற்காக என்பதெல்லாம் பிறகு. துணி நெய்ததா, கண்ணி கோத்துப் பின்னியதா என்பதே முதல் கேள்வி. பிரா இதற்கு விலக்கு: எப்படிச் செய்திருந்தாலும் அது 6212ஆம் தலைப்புதான்.

எச்.எஸ்.க்கு முன், 1950இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி 1959இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் பின்னலுக்கு 60ஆம் அத்தியாயம் ஒன்றே இருந்தது. துணியும் உடையும் அதற்குள்ளேயே அடங்கின: கையுறை 60.02, காலுறை 60.03, உள்ளாடை 60.04, மேலாடை 60.05. நெய்த உடைகளை ஆணுக்கு, பெண்ணுக்கு என்று தனித்தனித் தலைப்புகளில் பிரித்த அந்தப் பட்டியல், பின்னல் உடைகளுக்கு அந்த அளவு அக்கறை காட்டவில்லை. உள்ளே போட்ட பனியன் டி-சர்ட்டாகி வீதிக்கு வந்த பிறகு இந்தச் சிக்கனம் போதவில்லை.

1983இல் கையெழுத்தாகி 1988 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த எச்.எஸ். முறை, துணியை 60இல் விட்டுவிட்டு உடைகளுக்குத் தனி அத்தியாயமும் 17 தலைப்புகளும் கொடுத்தது. டி-சர்ட்டும் கையில்லாப் பனியனும் 6109இல் சேர்ந்தே இருப்பதில் பழைய உள்ளாடை உறவு தெரிகிறது. காலர், பட்டன், கழுத்துத் திறப்பு எதுவும் இல்லாத இலகுவான உடையே டி-சர்ட் என்கின்றன விளக்கக் குறிப்புகள். காலரும் பட்டன் பட்டியும் வைத்தால் ஆண்களுடையது 6105க்குப் போகிறது. அடிப்பகுதியில் இறுக்கும் ரிப் பட்டி வைத்துவிட்டால் 6105, 6109 இரண்டுமே அதை ஏற்பதில்லை. பெரும்பாலும் 6110இல், ஸ்வெட்டர்களோடு சேரும். சட்டை என்று சொல்லிக்கொள்ளக் கண்ணி எண்ணிக்கையும் தேறவேண்டும்: குறைந்தது 10 செ.மீ. சதுரத்தில் எண்ணிப் பார்த்து, இரு திசையிலும் செ.மீ.க்குச் சராசரி 10 கண்ணிக்குக் குறைந்தால் அது சட்டையல்ல. குழந்தை உடைக்கு அளவுகோல் வயதல்ல, உயரம், 86 செ.மீ. வரை. முன்பக்கம் இடது பாதி வலதின் மேல் மூடினால் ஆணுடையது, வலது மேலே வந்தால் பெண்ணுடையது. வெட்டே வேறுவிதமாகக் காட்டினால் இந்த விதி செல்லாது. யாருடையது என்று கண்டுகொள்ள முடியாதவை எல்லாம் பெண்கள் தலைப்புக்குத் தள்ளப்படுகின்றன. அலுவலக வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

இந்த நுணுக்கங்களுக்குப் பண மதிப்பு கூடியது அமெரிக்காவில். பிரஸ்ஸல்ஸ் பட்டியலை ஏற்காத அந்நாடு 1963 முதல் தனிப் பட்டியல் வைத்திருந்தது. கலப்புத் துணியில் எந்த இழையின் மதிப்பு அதிகமோ அதைக் கொண்டே அங்கு வகை பிரித்தார்கள். பருத்தி மிகுந்த கலப்புத் துணியைத் திருப்பூரில் இன்றும் ‘சிவிசி’ (chief value cotton) என்று கேட்டு வாங்குவது அந்த மதிப்புக் கணக்கின் மிச்சம். 1989இல் எச்.எஸ்.க்கு மாறியதும் மதிப்புப் போய் எடை வந்தது. பருத்தி டி-சர்ட்டுக்கு அடிப்படைத் தீர்வை 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32. சரிபாதி கலந்தால் பட்டியலில் பின்னால் வரும் இழையே வெல்லும். அதாவது பாலியெஸ்டர், 32 சதவீதம். பருத்தியைச் சில சதவீதம் கூட்டினால் தீர்வை ஏறத்தாழப் பாதியாகிறது. துணி வடிவமைப்பைச் சுங்கச் சட்டம் எந்த அளவுக்கு ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

தீர்வையோடு இறக்குமதி அளவுக்கும் வரம்பு இருந்தது: 1974 முதல் ஜவுளி வணிகத்துக்கான பல்லிழை ஒப்பந்தமும், 1995 முதல் அதன் இடத்தில் வந்த ஒப்பந்தமும் 2004 முடிய இந்த அளவு ஒதுக்கீடுகளை நீட்டித்தன. அமெரிக்கக் கணக்கில் பருத்திப் பின்னல் சட்டைகள் 338, 339ஆம் பிரிவுகள். பருத்தி ஸ்வெட்டர் 345. 2 செ.மீ.க்கு 9 கண்ணிக்கு மேற்படாத பின்னலே ஸ்வெட்டர் என்று அங்கே வரையறுத்தார்கள். ஒரு பிரிவின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் சரக்கே உள்ளே போக முடியாது என்பதால், தீர்வை விகிதத்தைவிட இந்தப் பிரிவு எண்ணே ஏற்றுமதியாளரை அதிகம் கவலைப்படுத்தியது.

இந்தியா 1986இல் எச்.எஸ். அடிப்படைக்கு மாறியது, 2003இல் எட்டு இலக்கக் குறியீடு வந்தது. பருத்தி டி-சர்ட் 61091000. 2018இல் பல ஆடைகளின் தீர்வை 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வங்கதேச ஆடைகளுக்கு 2011இல் தீர்வை விலக்கு கிடைத்திருந்ததால் இந்த உயர்வு அவற்றைத் தொடவில்லை. 2025 மே மாதம் அந்நாட்டு ஆயத்த ஆடைகள் நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா கட்டுப்படுத்தியது.