சம்பளம் வாங்காத ஓட்டுநர்கள்

அரியலூர், தஞ்சாவூர் பக்கத்துப் பழைய சாலைகளில் அங்கங்கே சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைக்கவும், மறுபடி தூக்கிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். ஆஸ்பத்திரி போய்ச் சேராமல் போன உயிருக்கு, வழியில் போகிறவர்களின் பாரத்தைக் குறைத்து ஒரு நினைவுச்சின்னம்!

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியைப் பலருக்கும் வீரமாமுனிவரால் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டி, அங்கே தங்கித் தமிழ் வளர்த்தவர். அவர் பல்லக்கில் போவார் என்று சொல்வார்கள். (தூக்கிக்கொண்டு போனவர்கள் நடந்துதான் போயிருப்பார்கள்.) மற்ற எல்லோருக்கும் கால்நடை, மாட்டுவண்டி, ஆற்றைக் கடக்க ஓடம். அதனால்தான் நம் ஊர்களில் வழிப்போக்கருக்குச் செய்வது பெரிய தர்மமாக இருந்தது. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சாலையோரம் மரம், சுமைதாங்கி.

சரி, சத்திரம் கட்டியவர்கள் வழிவந்தவர்கள் ஏன் ஊருக்காக ஒரு பஸ் விடவில்லை? நியாயமான கேள்விதான். பஸ் வந்தபோதே அது பெர்மிட் வாங்கிச் செய்யும் தொழிலாக ஆகிவிட்டது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதை உறுதி செய்தது. பிறகு 1972ல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. தனியாரோ அரசோ, யார் ஓட்டினாலும் கணக்கு ஒன்றுதான். நாற்பது பேர் ஏறினாலும் நாலு பேர் ஏறினாலும் டீசல் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. டிரைவர், கண்டக்டர் சம்பளமும் அப்படியே. வணிகவியல் பாடத்தில் இதை நிலையான செலவு என்பார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் விழும் சுமை கூடும். கடைசியில் "வருமானம் இல்லை" என்று அந்த டிரிப்பை நிறுத்துவார்கள். நிற்பது எப்போதும் கடைக்கோடி கிராமத்து வண்டிதான்.

இதே சிக்கல் 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவுக்கும் வந்தது. வசதியானவர்கள் கார் வாங்கினார்கள், பஸ்ஸில் கூட்டம் குறைந்தது, பஸ் நின்றது. கார் இல்லாத முதியவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். 1970களின் நடுவில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு வழி கண்டார்கள். பஸ் கம்பெனி சின்ன வண்டி ஒன்றைக் கொடுக்கும், ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு முறை வைத்துச் சம்பளமில்லாமல் ஓட்டுவார்கள். செலவுக் கணக்கில் பெரிய வரியான டிரைவர் சம்பளத்தையே அடித்துவிட்டார்கள்! நெதர்லாந்தில் 1977ல் 'பியூர்ட்பஸ்' வந்தது. அக்கம்பக்கத்து பஸ் என்று அர்த்தம். அதில் எட்டுப் பேர்தான் ஏறலாம். காரணம், சாதாரண கார் லைசென்ஸில் அதற்கு மேல் ஏற்ற முடியாது. ஜெர்மனியில் 1985ல் ஹேக், லெக்டன் என்ற சிற்றூர்கள் தொடங்கின. அதே 1985ல் பிரிட்டன் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டம், லாப நோக்கமில்லாத அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டே இப்படி வண்டி ஓட்டத் தனி பெர்மிட் கொடுத்தது.

அந்த இடத்தில்தான் நாம் பின்தங்கினோம். நமது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, பெர்மிட் இல்லாமல் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பெட்ரோலுக்கு நூறு ரூபாய் வாங்கினாலும் வெள்ளை போர்டு கார் மாட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸுக்கு அந்தப் பிரிவே விலக்குத் தருகிறது.

ஆக, இந்தியாவில் இந்த வகைத் தொண்டுக்குக் கிடைத்த பெரிய உதாரணம் பஸ் அல்ல, ஒரு மோட்டார் சைக்கிள்! மேற்கு வங்கம் ஜல்பைகுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்தவர் கரீமுல் ஹக். 1995ல் அவருடைய தாயாருக்கு உடம்பு முடியாமல் போனது. வண்டி எதுவும் கிடைக்காமல் தாயார் இறந்துபோனார். சில வருடம் கழித்துத் தோட்டத்தில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் மயங்கி விழுந்தார். இந்த முறை கரீமுல் காத்திருக்கவில்லை. அவரைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பைக்கிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். 1998லிருந்து இதுவே கரீமுலின் வாழ்க்கை ஆனது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை, கார் போக முடியாத பாதையிலும், ஒரு பைசா வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். பெட்ரோல் தோட்டக் கூலியிலிருந்து. டாக்டர்களிடம் முதலுதவியும் கற்றுக்கொண்டார். 2017ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊரில் அவர் பெயர் 'பைக் ஆம்புலன்ஸ் தாதா'. (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், நம் சினிமா தாதா அல்ல!)

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நார்ஃபோக்கில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முறைப்படி அடுத்தவர் ஓட்டுவார். கரீமுலுக்குக் காய்ச்சல் வந்தால்? தனி மனிதர் தொண்டுக்கும் ஊரே சேர்ந்து செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை அரசு வேறு வகையில் செய்தது. 1997ல் மினி பஸ் திட்டம் வந்தது. பஸ் போகாத ஊர்களுக்குத் தனியார் சிறு வண்டி. டீசல் விலை ஏற ஏறப் பல தடங்களில் அது நின்றுபோனது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு அது பெரிய வரம். 2021ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது, பஸ் வரும் ஊராக இருந்தால். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அதுவரை இந்தப் பக்கத்தவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூருக்கோ, மேற்கே திருச்சிக்கோதான் போயாக வேண்டும். 2025 ஜூனில் புதிய விரிவான மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்கள். ஓட்டுகிறவர்கள் தனியார்தான், பழைய கணக்குதான்.

108 வருவது அவசரத்துக்கு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவரும், மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிற கிழவரும் அந்த எண்ணைக் கூப்பிட முடியாது. அவர்கள் இன்றும் மெயின் ரோடு வரை நடக்கிறார்கள், அல்லது யாராவது பைக்கில் வருகிறார்களா என்று கை காட்டி நிற்கிறார்கள். கை காட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் பையன்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேரைச் சேர்த்து, ஒரு வேனைக் கொடுத்து, டீசலுக்கு மட்டும் காசு வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு பெர்மிட்தான் இன்னும் இல்லை.