இரண்டு மணி அலாரம்

வேளாங்கண்ணியில் டெலிபோன் தொழில் இரவுத் தொழிலாகவே பிறந்தது. 1984-இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கி, அதன் பின்னால் இருந்த சாம் பிட்ரோடாவின் பேரைச் சொல்லி ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி பூத்கள் வந்தபோது, எங்கள் கோவில் தெருக்களிலும் வரிசையாக முளைத்தன. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை கோவாக்காரர், மும்பைக்காரர், கேரளத்தார் எல்லாரும் "வந்து சேந்துட்டோம்" என்ற ஒரு வரியைச் சொல்ல வரிசையில் நிற்பார்கள். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும். கால் கட்டண நேரத்துக்காகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். மீட்டரில் சிவப்பு எண் ஓடும் வேகத்தைப் பார்த்துப் பேச்சைச் சுருக்குவார்கள். பூத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலிவான நேரம் எது என்று தெரிந்துவிட்டால் ஜனம் தூக்கத்தை மாற்றிக்கொள்ளும். பின்னால் வந்த கதைக்கும் இதுதான் அஸ்திவாரம்.

இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் மூலம் பெருநகரங்களுக்கு வந்தது. 1998-இல் தனியாருக்கும் கதவு திறந்தது. 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் செயல்படத் தொடங்கி, சஞ்சார்நெட் என்ற பெயரில் டயல்-அப் கொடுத்தது. பூத் வைத்திருந்தவர்கள் பலர் ஒட்டுப்பலகைத் தடுப்பு அடித்துப் 'பிரவுசிங் சென்டர்' ஆனார்கள். நானும் ஆனேன். ஒரு டெலிபோன் லைன், ஒரு மோடம், நாலு கம்ப்யூட்டர். மோடம் மாட்டிய மிஷினிலிருந்து மற்ற மூன்றுக்கும் பகிர்ந்து கொடுக்கும் வசதி விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே இருந்தது.

அப்போது பாட்டுப் பகிரும் மென்பொருள்களில் நாப்ஸ்டர் காலம் முடிந்து கசா ஓடிக்கொண்டிருந்தது. 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க இருபது நிமிடம். அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கல்லாவில் இருந்த என் மிஷினில் மட்டும் சில பாட்டுகள் இறங்கும், தடுப்புக்குள் இருந்த மூன்றில் அதே பாட்டு அசையாது. "ஓனர் மிஷினுக்கு மட்டும் தனி லைன் வச்சிருக்காருப்பா" என்று செருதூர்ப் பையன்கள் சத்தமாகவே பேசிக்கொள்வார்கள். தனி லைன் எதுவும் இல்லை. மோடம் மாட்டிய மிஷினுக்குத்தான் இணையத்தில் நேர் முகவரி. மற்ற மூன்றும் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றன. வெளியே இருப்பவன் அவற்றைக் கூப்பிட வழியே இல்லை. பாட்டு வைத்திருப்பவனும் அப்படியே நின்றால் இருவரும் சந்திக்கவே முடியாது.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க நான் திருவிழாக் காலத்து லாட்ஜைத்தான் சொல்வேன். லாட்ஜின் முகவரி ஊருக்கே தெரியும். அறைக்குள் யார் இருக்கிறார் என்பது ரிசப்ஷனுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பவர் டீ வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினால், டீ வரும்போது ரிசப்ஷன்காரர் சரியாக அந்த அறைக்கே அனுப்புவார், ஏனென்றால் கேட்டது யார் என்று குறித்து வைத்திருக்கிறார். ஆனால் யாரோ ஒருவர் வாசலில் வந்து "என் சிநேகிதர் இங்கேதான் தங்கியிருக்கார், பேர் தெரியாது" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பின்னால் வந்த மோடங்களில் இருக்கும் 'நாட்' இந்த ரிசப்ஷன்காரரேதான். ஃபயர்வால் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேன்.

வாட்ச்மேன் சும்மா வரவில்லை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இணையத்தில் சேர்ந்த சற்று நேரத்தில் 135-ஆம் போர்ட் என்ற வாசல் வழியாகத் தானே உள்ளே வந்து உட்காரும். திரையில் பெட்டி ஒன்று தோன்றி அறுபது விநாடியிலிருந்து கீழே எண்ணும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பாதி மின்னஞ்சல் அடித்தவர்கள் எழுந்து வந்து காசு திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். மறு வருஷம் ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கை வெளியிட்டது. அதுவரை அணைந்தே கிடந்த ஃபயர்வால் அன்றுமுதல் தானாகவே எரியத் தொடங்கியது. கேட்டுப் பெற்ற பாதுகாப்பு அல்ல, அதனால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்னால் எனக்குச் சோறு போட்டது இந்தத் தெரியாமைதான்.

அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 26, ஞாயிறு, கடல் ஊருக்குள் வந்தது. அதை இந்தக் கட்டுரைக்குள் அடக்கி எழுத எனக்கு மனமில்லை. என் தொழில் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்: நிவாரணத்துக்கு வந்தவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து டயல்-அப்பில் போட்டோ அனுப்பினார்கள். தகவல் இறக்குவதை மட்டுமே வேகம் என்று நினைத்திருந்த எனக்கு, ஏற்றுவதற்கும் ஒரு பாதை உண்டு, அது இன்னும் குறுகல் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2005 ஜனவரி 14-இல் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' பிராட்பேண்டை அறிவித்தது. 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் போனால்தான் பிராட்பேண்ட் என்று முந்தின அக்டோபரில் மத்திய அரசு கொள்கை வகுத்திருந்தது. எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. வந்தபோது வீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் ஒரு சலுகை இருந்தது: பகலில் அளவு உண்டு, தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று காசு. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் இலவசம்.

கால் கட்டணத்துக்குக் காத்துக்கிடந்த ஊர் இதை விடுமா? இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். காலேஜ் பையன்கள் மட்டும் இல்லை, ரிட்டயர்டு வாத்தியார்கள், லாட்ஜ் மேனேஜர்கள், மகன் துபாயிலிருந்து கம்ப்யூட்டர் அனுப்பிய குடும்பங்கள். எழுந்து டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைத் தட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். எட்டு மணிக்கு நிறுத்த மறந்து பில்லைப் பார்த்து அலறியவர்களும் உண்டு. 256 கிலோபிட் என்றால் விநாடிக்கு 32 கிலோபைட். ஒரு சிடி அளவு, அதாவது 700 எம்பி, அந்த வேகத்தில் இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே. திட்டம் போட்டவர்கள் ஒரு இரவுக்கு ஒரு படம் என்று அளந்து வைத்தார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் விடிந்து பார்த்தால் பலர் வீட்டில் நூறு எம்பிதான் இறங்கியிருக்கும். ஐந்து கிலோபைட் வேகம். அங்கேதான் என் இரண்டாவது தொழில் தொடங்கியது. பிரவுசிங் சென்டரில் கூட்டம் குறைந்த நேரம் அது. ஸ்க்ரூடிரைவரும் ஒரு சிடி பவுச்சும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

போனதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "லைன்லதான் தம்பி கோளாறு. உப்புக் காத்து, ஜாயின்ட்ல களிம்பு ஏறிருக்கும். லைன்மேனைத்தான் கூப்பிடணும்." அதில் தப்பில்லை. கடலோரத்தில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடிப்பது உண்மை. போன் மணி அடித்தால் இணையம் விழும் வீடுகள் ஏராளம். ஆகவே முதலில் அதைத்தான் பிரித்துப் பார்ப்பேன். ஏதாவது பெரிய தளத்திலிருந்து நேராக ஒரு கோப்பை இறக்கச் சொல்வேன். அது 30 கிலோபைட்டில் பாய்ந்தால் கம்பி சுத்தம்.

"பாருங்க சார், இது ஓடுது. டோரண்ட் மட்டும்தான் நொண்டுது. களிம்புக்கு ஆள் பாத்து அடிக்கத் தெரியாதுல்ல?"

பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கிய பிட்டோரண்டின் அமைப்பு அப்படி. கோப்பு ஒரே இடத்தில் இல்லை. வைத்திருக்கும் எல்லாரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுத் துண்டு துண்டாக மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் வாசல் மூடியிருந்தால் நீங்கள் மற்றவரைக் கூப்பிடலாம், மற்றவர் உங்களைக் கூப்பிட முடியாது. எதிரிலிருப்பவர் வாசலும் மூடியிருந்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஒரு துண்டுகூட மாறாது.

இதில் ஒரு விசித்திரத்தை நான் கவனித்தேன், இன்றைக்கும் யாரும் போதுமான அளவு பேசாதது. புதிய இங்கிலீஷ் படம் வாசல் மூடியிருந்தாலும் வேகமாக இறங்கும். ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள், அதில் சிலர் வாசலாவது திறந்திருக்கும். பழைய கர்நாடக சங்கீதக் கச்சேரியோ, அறுபதுகளின் நாடக ஒலிப்பதிவோ கேட்டால் உலகத்திலேயே நாலைந்து பேரிடம்தான் இருக்கும். ஒருவர் டொரண்டோவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் தஞ்சாவூரில். அத்தனை பேர் வாசலும் மூடியிருந்தால் பொருள் இருந்தும் கிடைக்காது. அரிய சரக்குத்தான் ஃபயர்வாலிடம் அதிகம் அடிபட்டது. ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒரு நாகசுரக் கச்சேரிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார். வாசலைத் திறந்துவிட்ட இரவே அது இறங்கி முடிந்தது.

வேலை என்னவோ சின்னதுதான். மோடத்துக்குள் நுழைய 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின், ஊர் முழுக்க அதேதான். உள்ளே 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பக்கத்தில், இந்த எண் போர்ட்டைக் கேட்டு யார் வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று எழுதி வைப்பது, ரிசப்ஷனில் சீட்டு எழுதிக் கொடுப்பது போல. கம்ப்யூட்டரின் உள் முகவரியை மாறாமல் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் மறுமுறை கரண்ட் போய் வந்ததும் அது வேறு அறைக்கு மாறிவிடும், விருந்தாளி காலி அறையைத் தட்டுவார். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் எது? பாதிப் பேருக்கு நான் மறுபடி போனதே இதற்காகத்தான். பிறகு விண்டோஸ் ஃபயர்வாலில் டோரண்ட் மென்பொருளுக்கு விலக்கு. ஆன்டிவைரஸ் தனியாக இன்னொரு ஃபயர்வால் வைத்திருந்தால் அதிலும். மியூடோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் அடியில் மஞ்சள் முக்கோணம் போய்ப் பச்சை அடையாளம் வரும். அந்தப் பச்சைக்குத்தான் என் கூலி.

இன்னொன்று இருக்கிறது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்: ஏற்றும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டால் இறங்கும் வேகம் கூடும். இந்த வகை இணைப்பில் மேலே போகும் பாதை ஒடுக்கம். டோரண்ட் அதை முழுக்க அடைத்துவிட்டால், 'வந்தது, அடுத்ததை அனுப்பு' என்று நம் மிஷின் அனுப்பும் சிறு ரசீதுகளும் அந்த நெரிசலில் நிற்கும். அனுப்புபவன் காத்திருப்பான். ஏற்றத்தை முக்கால் அளவில் நிறுத்தினால் போதும். இலவசம் என்றதும் தாராளமாகத் திறந்துவிட்டவர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார்கள்.

வைத்தியங்களில் போலியும் உண்டு. சர்வீஸ் பேக் வந்தபின் விண்டோஸ் ஒரே சமயத்தில் பாதியில் நிற்கும் தொடர்புகளைப் பத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. அந்தப் பத்தை ஐம்பதாக்கும் ஒட்டுநிரல் ஒன்றை விபூதி மாதிரி எல்லாரும் பூசிக்கொண்டார்கள். பெரும்பாலான வீடுகளில் அதனால் ஒரு கிலோபைட் கூடி நான் பார்த்ததில்லை. ஃபயர்வாலையே அணைத்துவிடுவது இன்னொரு வைத்தியம். பிளாஸ்டரை நேரில் பார்த்தவன் அதைச் செய்யமாட்டான். எல்லாக் குற்றமும் வீட்டு மோடத்தின் தலையில்தான் என்பதும் இல்லை. 6881 முதல் 6889 வரையான வழக்கமான போர்ட்களைக் கண்டால் நெருக்கிய இணையச் சேவை நிறுவனங்கள் உலகில் இருந்தன. அமெரிக்காவில் காம்காஸ்ட் டோரண்ட் தொடர்புகளைப் பொய்ச் செய்தி அனுப்பி அறுத்தது 2007-இல் அம்பலமாகி, 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது.

என்ன இறக்கினார்கள் என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நாகசுர வாத்தியார்கள் கொஞ்சம், லினக்ஸ் வட்டு இறக்கியவர்கள் இன்னும் கொஞ்சம், மற்றதெல்லாம் சினிமா. 2011-இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. அடையாள அட்டை, கையெழுத்து, பதிவேடு. 2012-இல் '3', 'தம்மு' படங்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை வைத்து நிறுவனங்கள் டோரண்ட் தளங்களை மட்டுமல்ல, விமியோவைக்கூட அடைத்தன. தளத்தை முழுசாக அடைக்க வேண்டாம், குறிப்பிட்ட பக்கங்களைத்தான் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவாக்கியது. அந்தச் சில வாரங்கள் எனக்கு வந்த கூப்பாடுகளில் ஒன்றுகூட ஃபயர்வால் கோளாறு இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தொழிலை முடித்து வைத்தது சட்டம் அல்ல, கணக்கு. உலகின் பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துபோயின. 2011 பிப்ரவரி 3-இல் மையக் கையிருப்பு காலி, ஏப்ரல் 15-இல் ஆசிய பசிபிக் பங்கும் கடைசித் துளிக்கு வந்தது. முகவரி போதாத நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தத் தொடங்கின. அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, படத்தை இறக்கி வைக்கும் தேவையே போயிற்று. இரண்டு மணிக்கு எழுந்தவர்கள் இரண்டு மணிவரை விழித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இப்போது என்னைக் கூப்பிடுபவர்களுக்கு டோரண்ட் பேரே மறந்துவிட்டது. லாட்ஜ் வாசலில் மாட்டிய சிசிடிவியை முதலாளி குவைத்திலிருந்து பார்க்க வேண்டும், படம் வரவில்லை. பெட்டி புதிது, கோளாறு பழையது: வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. "அண்ணே, போர்ட்டைத் தொறந்து விட்ருங்க" என்று யூடியூப் பார்த்த பையன்களே சொல்கிறார்கள். 2016 அக்டோபரில், கடவுச்சொல் மாற்றாத கேமராப் பெட்டிகளை மிராய் என்ற நிரல் படையாகத் திரட்டி அமெரிக்காவில் பெரிய தளங்களை முடக்கியது. அதனால் முதலில் கடவுச்சொல்லை மாற்றுவேன், மறுத்தால் திரும்பி வந்துவிடுவேன். பிறகு ரூட்டரில் வெளி முகவரியைப் பார்ப்பேன். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அந்த வீட்டு ரூட்டரில் எதைத் திறந்தும் பயனில்லை, சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. தனி முகவரிக்கு மாதக் கட்டணம் கட்டுங்கள், அல்லது கேமரா கம்பெனியின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அவர்கள் சர்வர் வழியாகவே பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒன்பது பேர் ஸ்கேன் செய்கிறார்கள். அதற்கு நான் கூலி வாங்குவதில்லை, டீ மட்டும்.